மூன்று புளியங்கொட்டைகள்

போன மாதம் பிரீத்தி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் வேலைக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள். ஆனால் எடுத்த எடுப்பில் "டீச்சர், ஒரு சந்தோஷமான விஷயம்" என்று ஆரம்பிக்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. அப்படி ஆரம்பித்த எந்த விஷயமும் எனக்குச் சந்தோஷம் தந்ததில்லை.

விஷயம் இதுதான். எங்கள் மையத்துக்கு யாரோ புண்ணியவான் ஐந்து டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதில் சமையல் பாடம் இருக்கிறதாம். திரையில் ஒரு குக்கர். அரிசியை விரலால் இழுத்து உள்ளே போடவேண்டும், தண்ணீரையும் அப்படியே. பிறகு விசில் சத்தம் கேட்கும். மூன்று விசில் எண்ணிப் பொத்தானை அமுக்கினால் கைதட்டல் வரும், நட்சத்திரம் கொட்டும்.

"நெஜக் குக்கர் மாதிரியே சத்தம் டீச்சர். நம்ம ஆளுக எல்லாரும் நட்சத்திரம் வாங்கிட்டாங்க," என்றாள்.

நட்சத்திரத்தைத் தின்ன முடியுமா என்று கேட்டேன். சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. விசில் சத்தத்தை எண்ணச் சொல்லிக் கொடுத்து நான் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே கவிழ்க்கப் பார்த்தேன். அந்தக் கதையை இவளிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மையம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ள பெரியவர்கள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகும் இடம். திண்டுக்கல் ஊருக்குள்ளேயே இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். நாற்பது, ஐம்பது வயது ஆட்களும் உண்டு. அவர்களுக்குச் சமைக்கவும், எதை எவ்வளவு சாப்பிடுவது என்று தெரிந்து சாப்பிடவும் சொல்லிக் கொடுப்பது என் வேலை. இருபத்தாறு வருடம் அதைச் செய்தேன். அதற்கு முன்னால் மனையியல் படித்தேன், பிறகு ஒரு டிப்ளமா. அந்த டிப்ளமாவில் மூளையின் படம் நாற்பது இருந்தது. அடுப்பின் படம் ஒன்றுகூட இல்லை.

நான் சேர்ந்தபோது மையத்தில் சமையல் வகுப்பு என்று ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. மேசைமேல் பிளாஸ்டிக் கத்திரிக்காய், பிளாஸ்டிக் தக்காளி, பிளாஸ்டிக் வாழைப்பழம். "இது என்ன?" என்று கேட்பார்கள். "கத்திரிக்காய்" என்று சொல்லவேண்டும். சொன்னால் மிட்டாய். என் அப்பா கன்னிவாடியில் கத்திரிக்காய் போட்டவர், நான் அதைப் பறித்தே வளர்ந்தவள். அந்தப் பிளாஸ்டிக் சாமான் எனக்கே கத்திரிக்காய் என்று தெரியவில்லை. வருடத்துக்கு ஒருமுறை அடுப்பில்லாச் சமையல் போட்டி வேறு நடக்கும். தலை நரைத்த ஆளைப் பிஸ்கட்டின்மேல் ஜாம் தடவ வைத்துப் பரிசு கொடுப்பார்கள். அவர் வீட்டுக்குப் போய்ப் பிஸ்கட்டும் ஜாமுமா மத்தியானத்துக்குச் சாப்பிடுவார்?

இயக்குநரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம், சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரு வழியாகச் சண்டை போட்டு முடித்திருப்பேன். சமையலறை வாசல் வரைக்கும் வருவார், உள்ளே கால் வைக்கமாட்டார். பேனாவால் நிலைக்கதவில் இரண்டு தட்டுத் தட்டுவார். "குழந்தைகள் எப்படி இருக்காங்க?" என்பார். குழந்தைகளில் ஒருத்தருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் "அருமை, அருமை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். இருபத்தாறு வருடத்தில் நாங்கள் சமைத்த எதையும் அவர் வாயில் வைத்துப் பார்க்கவில்லை. வயிறு சரியில்லை என்பார். அதே வயிறு பிறந்தநாள் பிரியாணிக்கு மட்டும் சரியாகிவிடும்.

பிறந்தநாள் பிரியாணி என்பது எங்கள் ஊர் வழக்கம். வீட்டில் யாருக்காவது பிறந்தநாள், கல்யாண நாள், திதி என்றால் ஒரு அண்டா பிரியாணியோடும் கேக்கோடும் எங்கள் மையத்துக்கு வண்டி வந்துவிடும். வாரத்தில் இரண்டு நாள், முகூர்த்த மாதமென்றால் மூன்று நாள். அன்றைக்குச் சமையல் வகுப்பு கிடையாது. நாங்கள் நறுக்கி வைத்த புடலங்காய் வாடிக் கிடக்கும். சர்க்கரை வியாதிக்கு மாத்திரை போடுகிற ஆள் கையில் எல்லாருக்கும் முன்னால் கேக் போய்விடும். நான் தடுத்தால், "பாவம், திங்கட்டும் விடுங்க டீச்சர்" என்பார்கள். இந்தப் பாவம் என்ற சொல்லை மட்டும் யாராவது தடை செய்தால் நான் அவருக்குக் கோவில் கட்டத் தயார்.

ஒருநாள் ஒரு அம்மாள் பட்டுச் சேலையில் வந்து ஜமீலாவுக்குப் பிரியாணியை ஊட்டிவிட்டாள். எதிரில் போட்டோ எடுக்க ஆள். ஜமீலாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "நீங்க சாப்டீங்களா? நான் பருப்புக் கீரை வச்சிருக்கேன், தரவா?" என்று கேட்டாள். அந்த அம்மாள் கொஞ்சலாகச் சிரித்துவிட்டு அடுத்த வாயை ஊட்டினாள். கீரை அடுப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கேட்டது கேள்வி என்று அந்த அம்மாளுக்குத் தோன்றவே இல்லை.

இந்த ஜமீலாவின் கதைதான் நான் சொல்ல வந்தது.

பேகம்பூர்ப் பக்கம் வீடு. அத்தா தோல் கிடங்கில் வேலை பார்த்து இறந்துபோனார். அம்மாவும் ஒரு தம்பியும்தான். தம்பி சாதிக், பிரியாணிக் கடை வைத்திருந்தான். காலையில் அவனும் அவன் மனைவியும் கடைக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்கள். பகலில் அம்மாவே சமைத்து, ஜமீலா மையத்திலிருந்து வந்ததும் சோறு போட்டு, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மாவுக்குப் பக்கவாதம். ஒரு கை போயிற்று. தொண்டையிலும் பழையபடி சாப்பாடு இறங்கவில்லை. குழைய வெந்த சோறுதான் விழுங்க முடியும்.

சாதிக் என்னிடம் வந்தான். ஒளிவு மறைவில்லாத ஆள். "டீச்சர், பகல்ல பாக்க ஆளில்ல. அம்மாவ எங்க மாமி வீட்டுல வச்சுக்கிறேங்கிறாங்க. அக்காவுக்கு வெளியூர்ல ஒரு விடுதி பாத்திருக்கேன், சேக்குற பாரம் வாங்கிட்டு வந்துட்டேன்," என்றான். அக்கா வீட்டிலேயே இருந்து மத்தியானம் அம்மாவுக்கும் தனக்கும் சோறு ஆக்கினால் என்ன என்று கேட்டேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற குடும்பம். அந்த வீட்டில் முப்பத்தாறு வருடமாக அவளை அடுப்புப் பக்கம் விட்டதே இல்லை. கடைசியில் ஒரு மாதம் தவணை கொடுத்தான். ஒரு மாதத்துக்குள் அவள் தனியாக ஒருவேளைச் சோறு ஆக்கவேண்டும். இல்லாவிட்டால் அம்மா ஒரு ஊர், மகள் ஒரு ஊர்.

எங்கள் தொழிலில் ஒரு வேலையைப் படி படியாக உடைப்போம். சோறு ஆக்குவதைப் பதினெட்டுப் படியாக உடைத்தேன். ஆனால் முதல் படியிலிருந்து தொடங்கமாட்டோம், கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவோம். முதல் நாள் பதினேழு படியை நான் செய்துவிட்டு, பதினெட்டாவதை, அதாவது தட்டில் சோறு போடுவதை மட்டும் அவளிடம் விடுவேன். அடுத்து மூடி திறப்பதும் போடுவதும். அப்படியே ஒவ்வொன்றாகப் பின்னால். இதனால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த இடத்தில் நிற்பது அவள்தான், நான் இல்லை. அரிசி அளக்கும் டம்ளரில் நகப்பூச்சால் கோடு போட்டேன். அடுப்புத் திருகில் தீ எதுவரை என்று இன்னொரு கோடு. தட்டிலும் கோடு, பாதி வெஞ்சனம், அதாவது காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ. ஒட்டன்சத்திரத்து முருகேசன் என்று மையத்தில் ஒரு ஆள் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டீச்சர், சோத்துக்கு எடமே வைக்கலீங்களே" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஜமீலாவுக்கு எண் நிற்காது. மூன்றுக்குப் பிறகு எட்டு என்பாள். அதனால் இரண்டு கிண்ணம் வைத்தேன். வலது கிண்ணத்தில் மூன்று புளியங்கொட்டை. ஒரு விசில் வந்தால் ஒரு கொட்டையை இடது கிண்ணத்துக்கு மாற்றவேண்டும். வலது கிண்ணம் காலியானால் அடுப்பை அணைக்கவேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டு எனக்கு ஏகப்பட்ட பெருமை. பதினாறு நாளில் அவள் பதினெட்டுப் படியும் தனியாகச் செய்தாள். சோறு குழைந்து பூப்போல வந்தது. சாதிக்கைக் கூப்பிட்டு மையத்திலேயே சாப்பிட வைத்தேன். சரி, திங்கட்கிழமை வீட்டில் ஆக்கட்டும் என்றான்.

திங்கட்கிழமை வீட்டில் சோறு வேகவில்லை. அரிசி அரிசியாக, மேலே தண்ணீர் நிற்க. அம்மாவால் ஒரு வாய்கூட இறக்க முடியவில்லை, புரையேறிவிட்டது. செவ்வாய்க்கிழமையும் அதேதான். புதன்கிழமை சாதிக் மையத்துக்கே வந்துவிட்டான்.

"இங்க நல்லாத்தேன் ஆக்குறா டீச்சர், நான் இல்லேங்கல. அங்க வெந்த சோறு வரலையே. எங்கம்மா மூணு நாளா பிரட்ட நனைச்சுத் திங்குது," என்றான்.

சார் அவனை அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு டீ இல்லை. இந்தக் குழந்தைகளுக்கு ஓர் இடத்தில் படித்தது இன்னோர் இடத்தில் வராது, அது அவர்களுடைய குறைபாட்டின் தன்மை என்று பேனாவை உருட்டிக்கொண்டே விளக்கினார். விடுதிக்குச் சிபாரிசுக் கடிதம் தானே எழுதித் தருவதாகவும் சொன்னார். சாதிக் பாரத்தை மேசைமேல் வைத்தான். மாதம் முடியட்டும், வாக்கு வாக்குதானே என்று நான் அவனிடம் கேட்டேன். எழுந்தவன் பாரத்தை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். கிழிக்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு அந்த வீட்டுக்குப் போனேன். வரிசை வீடு. ஒரே கூரையின் கீழ் நான்கு குடித்தனம். சமையலறைகளுக்கு நடுவில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் எட்டவில்லை, மேலே இரண்டு முழம் திறந்து கிடக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். வாயையும் கட்டிக்கொண்டேன், அது பெரிய பாடு.

ஜமீலா டம்ளரில் கோடு வரைக்கும் அரிசி அளந்தாள். களைந்தாள். தண்ணீர் சரியாக ஊற்றினாள். மூடினாள், வெயிட் போட்டாள், தீயைக் கோட்டில் நிறுத்தினாள். ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு முக்காலியில் உட்கார்ந்து கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு விசில் வந்தது. கொட்டையை மாற்றினாள். ஆனால் எங்கள் குக்கரின் வெயிட் ஆடக்கூட இல்லை. இன்னும் சூடே ஏறவில்லை. விசில் வந்தது சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் நிஷா வீட்டிலிருந்து. செத்த நேரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து. மறுபடி நிஷா வீட்டிலிருந்து. மூன்று கொட்டையும் மாறியது. ஜமீலா எழுந்து, பொறுமையாக, நான் சொல்லிக் கொடுத்தபடி லைட்டரை எடுத்து மேலே வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. விசில் வந்தால் கொட்டை என்று சொல்லிக் கொடுத்தது நான். மையத்தில் ஒரே ஒரு குக்கர், அது போடுகிற விசில் எங்கள் விசில். பதினெட்டுப் படி எழுதிய மேதாவிக்கு உலகத்தில் அடுத்த வீடு என்று ஒன்று உண்டு என்பது தெரியவில்லை. சாரை அவ்வளவு பேசுகிறேனே, அன்றைக்கு என்னை நானே பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. இதற்குப் பெயர் அவளுடைய குறைபாடாம், அதற்கு ஒரு சிபாரிசுக் கடிதமாம்.

மிச்சம் இருந்தது பத்து நாள். மையத்தில் வைத்து இதை மாற்ற முடியாது, வீட்டில்தான் ஆகும். பயிற்சி நேரத்தில் வெளியே போக விதியில் இடமில்லை என்றார் சார். எந்த விதி என்று கேட்டேன். தேடிச் சொல்கிறேன் என்றார். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். நான் அரைநாள் விடுப்பாகப் போட்டுப் போட்டுப் போனேன்.

முதல் நாள் ஜமீலாவின் இரண்டு காதிலும் பஞ்சு வைத்து அடைத்தேன். கூச்சத்தில் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கட்டிலில் படுத்திருந்த அவள் அம்மா, "என்ன டீச்சர், எம்மகளச் செவிடாக்குறீக?" என்று கேட்டார். ஆமாம், இரண்டு நாளைக்கு என்றேன். காது கேட்காவிட்டால் கண்தானே பார்த்தாகவேண்டும். வெயிட் எழும்ப வேண்டும், அதன் அடியிலிருந்து ஆவி சீற வேண்டும், அப்போதுதான் கொட்டை. முதல் நாள் நான் விரலால் காட்டினேன். இரண்டாம் நாள் காட்டவில்லை. வெயிட் எழும்பியபோது ஜமீலா கொட்டையை எடுத்துக்கொண்டு, "எந்திரிச்சிருச்சு" என்றாள். நாங்கள் யாரும் சொல்லிக் கொடுக்காத சொல் அது.

மூன்றாம் நாள் ஒரு காதுப் பஞ்சை எடுத்தேன். நிஷா வீட்டில் விசில் அடித்ததும் கை தானாகக் கொட்டைக்குப் போனது. வெயிட்டைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி விசில், மறுபடி கை போனது, மறுபடி இழுத்தாள். வேர்த்து வழிந்தது அவளுக்கு. அன்றைக்கு ஒரு கொட்டை தப்பாக மாறிவிட்டது, சோறு கொஞ்சம் வேகாமல் விறைத்துப்போனது. நானும் அவளும் அதையேதான் சாப்பிட்டோம், வேறு என்ன செய்ய? ஆறாம் நாள் இரண்டு காதும் திறந்தாயிற்று. நிஷாவிடம் சொல்லிவைத்திருந்தேன், அவள் வேண்டுமென்றே இரண்டு குக்கர் ஏற்றினாள். அந்த வரிசையே ஊதித் தள்ளியது. ஜமீலா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு தன் வெயிட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தவணை முடிவதற்கு முதல் நாள், சொல்லாமல் கொள்ளாமல் சாதிக் பகலில் வீட்டுக்கு வந்தான். நான் அன்று போகவில்லை, அவன் சொல்லித்தான் தெரியும். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, ஜமீலா ஸ்பூனால் குழைந்த சோற்றையும் முருங்கைக்கீரைப் பருப்பையும் கொடுத்துக்கொண்டிருந்தாள். புரையேறவில்லை. அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாளாம். சோறு இன்னும் கொஞ்சம் போடு என்றதற்கு, தட்டில் இருக்கும் கோட்டைக் காட்டி, முதலில் வெஞ்சனத்தை முடி என்றாளாம். நாள் முழுக்கப் பிரியாணி கிண்டுகிறவனுக்கு இது வேண்டியதுதான்.

இதை அவனே மையத்துக்கு வந்து என்னிடம் சொன்னான். "இம்புட்டு நாளா அவள ஒக்கார வச்சே சோறு போட்டோம் டீச்சர்," என்றான். பாரம் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. ஜமீலா எந்த ஊருக்கும் போகவில்லை, அது போதும்.

அந்த வருட ஆண்டறிக்கையில் ஜமீலாவின் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. கீழே, எங்கள் மையத்தின் வெற்றி என்று எழுதியிருந்தது. கையில் அவள் பிடித்திருந்தது பிளாஸ்டிக் கத்திரிக்காய்.

இதையெல்லாம் போனிலேயே பிரீத்தியிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் "சூப்பர் டீச்சர்" என்பாள், மறுநாள் டேப்லெட்டைத் திறப்பாள். அதனால் வாயால் சொல்லாமல், போன வாரம் ஒருநாள் பதினொன்றரைக்கு அவளை ஜமீலா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ஜமீலாவுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் இறந்துபோனார், மகளின் கையால் சாப்பிட்டு, தன் வீட்டிலேயே. சாதிக் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து வீட்டுக்கு வருகிறான். பிரியாணிக் கடைக்காரன், அக்கா ஆக்குகிற வெறுஞ்சோற்றுக்கு.

குக்கர் அடுப்பில் இருந்தது. கிண்ணங்கள் ஜமீலாவின் மடியில் இருந்தன. அதே புளியங்கொட்டைகள், தேய்ந்து பளபளவென்று ஆகிவிட்டன. பிரீத்தி அவளிடம் டேப்லெட்டைக் காட்டி, நட்சத்திரம் எப்படி விழும் என்று ஆசையாக விளக்கிக்கொண்டிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் விசில் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஜமீலா அசையவில்லை. பிரீத்தி என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், மறந்துவிட்டாளோ என்று பதறி, "மூணு வந்துருச்சுக்கா" என்று எட்டி அடுப்பின் திருகில் கை வைத்தாள்.

ஜமீலா அந்தக் கையைப் பிடித்து மெதுவாக அப்பால் எடுத்து வைத்தாள்.

"அது நிஷா வீட்டுச் சோறு," என்றாள்.